சப்ளை கப்பலில் முதல் முறை ஏறப் போகிறவர்களுக்கு

கடலுக்கு நடுவே நிற்கும் எண்ணெய்த் தளத்தில் (பிளாட்ஃபார்ம்) எதுவும் விளைவதில்லை. குடிநீர், அரிசி, காய்கறி, ஜெனரேட்டருக்கு டீசல், கிணறு தோண்டும் குழாய், அந்தக் குழாயைச் சுற்றி இறுக்க சிமென்ட் என்று எல்லாம் கரையிலிருந்து போக வேண்டும். குப்பை, காலி கன்டெய்னர், பழுதான கருவி எல்லாம் கரைக்குத் திரும்பி வர வேண்டும். இந்தப் போக்குவரத்தைப் பார்ப்பவை சப்ளை கப்பல்கள். தூத்துக்குடி, கன்னியாகுமரி, ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் முதல் முறை ஏறுபவர்களுக்காக, அதிலும் டெக் (கப்பலின் மேல்தளம்) பக்கம் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற கப்பல்கள் ஒரு பிளாட்ஃபார்மைக் கண்டால் விலகிப் போகும். நம் கப்பல் அதன் காலடிக்கே போய், பத்து இருபது மீட்டர் இடைவெளியில், மணிக்கணக்கில் அதைத் தொடாமல் நிற்க வேண்டும். அலையும் காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டே இருக்கும். மேலிருந்து கிரேன் கொக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். கப்பலில் உங்களுக்குச் சொல்லித்தரப்படும் ஒவ்வொரு விதியும், ஒவ்வொரு செக்லிஸ்டும் இந்த ஒரு நிலைமையிலிருந்து வந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டால் எதற்காக இத்தனை கெடுபிடி என்ற கேள்வி வராது.

எந்த வகைக் கப்பல் என்று கேளுங்கள்

வேலை கிடைத்ததும் பெரும்பாலோர் கேட்பது சம்பளமும் எத்தனை மாத காண்ட்ராக்ட் என்பதும்தான். கப்பல் எந்த வகை என்பதையும் கேட்டுவிடுங்கள், உங்கள் அன்றாட வேலையைத் தீர்மானிப்பது அதுதான்.

மெக்சிகோ வளைகுடாவில் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது 1947இல். அப்போது போரில் மிஞ்சிய பழைய படகுகளையே சரக்குக்குப் பயன்படுத்தினார்கள். 1950களின் நடுவில் இந்த வேலைக்கென்றே ஒரு வடிவம் வந்தது. ஆள் தங்கும் கட்டடமும் பிரிட்ஜும் (கப்பலை ஓட்டும் அறை) முன்னால், பின்னால் நீளமாகத் திறந்த தட்டை டெக். இன்றைக்கு நீங்கள் ஏறப் போகும் கப்பலும் ஏறக்குறைய அதே உருவம்தான். பின்பக்கத்தை பிளாட்ஃபார்மின் கிரேனுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்த இந்த வடிவம்தான் வசதி.

பிஎஸ்வி என்றால் சரக்குக் கப்பல். டெக்கில் கன்டெய்னரும் குழாயும், டெக்குக்குக் கீழே டாங்குகளில் டீசல், தண்ணீர், திரவ மட் (கிணறு தோண்டும்போது பயன்படும் சேறு போன்ற திரவம்), தூள் சிமென்ட், பேரைட் (மட்டில் கலக்கும் கனமான தாதுத் தூள்). ஏஹெச்டிஎஸ் என்றால் சரக்கோடு சேர்த்து ரிக்கை (கிணறு தோண்டும் தளம்) இழுப்பது, அதன் நங்கூரங்களைப் போடுவது, எடுப்பது. பெரிய வின்ச்சும் (வயரைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) கடைசி முனையில் உருளையும் இருக்கும். வேலை கடினம், ஆபத்தும் கூடுதல். க்ரூ போட் ஆட்களை ஏற்றி இறக்கும் வேகப் படகு. ஸ்டாண்ட்பை கப்பல் ஏதாவது நடந்தால் உதவிக்கென்று பக்கத்திலேயே காத்திருக்கும். எம்எஸ்வி என்பது தீயணைப்பு, டைவிங், பழுதுபார்ப்பு என்று பல வேலை செய்யும் பெரிய கப்பல். முதல் காண்ட்ராக்டுக்கு பிஎஸ்வி கிடைத்தால் நல்லது என்பது என் கருத்து. சரக்கு வேலையின் அடிப்படை அங்கேதான் ஒழுங்காகப் பழகும்.

இந்தியாவில் இந்தத் தொழிலின் மையம் மும்பை ஹை என்ற கடல் எண்ணெய் வயல். 1974இல் சாகர் சாம்ராட் ரிக் அங்கே எண்ணெய் கண்டுபிடித்தது, 1976இல் உற்பத்தி தொடங்கியது. மும்பையிலிருந்து மேற்கே சுமார் 160 கிலோமீட்டர். சரக்கு ஏற்றுவது பெரும்பாலும் ஓஎன்ஜிசியின் நாவா சப்ளை பேஸில். கிழக்குக் கரையில் கிருஷ்ணா கோதாவரிப் படுகைக்குக் காக்கிநாடா. அங்கே ஆழ்கடல் கிணறுகள் இருப்பதால் போகிற கப்பல்களும் நவீனமானவை.

காகிதங்களும் ஏஜென்ட்டும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். கடலில் நடக்கும் விபத்தை விட, கடலுக்குப் போகும் முன்பே ஏமாந்து வீடு திரும்பும் பையன்களைப் பார்ப்பதுதான் எனக்கு அதிக வேதனை.

ரேட்டிங்காக (அதிகாரி அல்லாத கப்பல் ஊழியர்) சேர, டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) அங்கீகரித்த பள்ளியில் ஆறு மாத ஜிபி ரேட்டிங் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பிறகு இன்டாஸ் எண் (கடலோடிகளின் பதிவு எண்), சிடிசி (கடலோடியின் அடையாள, பணிப் புத்தகம்), பாஸ்போர்ட், அங்கீகாரம் பெற்ற மருத்துவரின் மெடிக்கல் சான்று. எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச விதிப்படியான அடிப்படைப் பயிற்சிகள்: கடலில் உயிர் காத்துக்கொள்வது, தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு, அத்துடன் கப்பல் பாதுகாப்புக் காவல் பயிற்சி. உயிர்காப்புக்கும் தீயணைப்புக்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரிஃப்ரெஷர் உண்டு. ஹெலிகாப்டரில் ரிக்குக்குப் போகும் வேலை என்றால், தண்ணீரில் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியே வரும் பயிற்சியும் கேட்பார்கள். துறைமுகத்திலேயே கப்பலில் ஏறுகிறவருக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. தேவையில்லாத கோர்ஸுக்குப் பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள்.

ஏஜென்ட் விஷயம். இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள், டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். விசிட்டிங் கார்டில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அதாவது எம்எல்சி, தெளிவாகச் சொல்கிறது: வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மெடிக்கல் சான்று, சிடிசி, பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு உங்களுடையது. விசா செலவு முதலாளியுடையது. இதைத் தாண்டி லட்சக்கணக்கில் 'ஜாயினிங் சார்ஜ்' கேட்கிறவர் சட்டத்தை மீறுகிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள்.

விசிட் விசாவில் வளைகுடாவுக்கோ ஈரானுக்கோ கூட்டிப்போய் 'அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்' என்றால் போகவே வேண்டாம். சொன்ன கப்பல் வேறு, ஏற்றும் கப்பல் வேறாக இருக்கும். சம்பளம் வராது, பாஸ்போர்ட்டும் கையில் இருக்காது. ஏறும் முன் காண்ட்ராக்டில் கப்பல் பெயர், ஐஎம்ஓ எண் (கப்பலின் அடையாள எண்), சம்பளம், காலம், ஊர் திரும்பும் செலவு யாருடையது என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்திட்ட நகலைப் போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சிக்கல் வந்தால் டிஜி ஷிப்பிங்கில் புகார் செய்யலாம். இந்தியத் துறைமுகங்களில் ஐடிஎஃப் (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு) ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

முதல் நாள்

பையை கேபினில் போட்டதும் தூங்கிவிடாதீர்கள். மஸ்டர் ஸ்டேஷன் (அவசரத்தில் கூடும் இடம்) எங்கே, உங்கள் லைஃப் ஜாக்கெட் எங்கே, உங்கள் பெயர் எந்த லைஃப் ராஃப்ட்டுக்கு எதிரே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கேபினிலிருந்து திறந்த டெக்குக்கு வரும் வழியை இரண்டு முறை நடந்து பாருங்கள், ஒரு முறை விளக்கில்லாமல், கையால் சுவரைத் தடவிக்கொண்டு. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் பொது அவசரநிலை. அது ராத்திரி இரண்டு மணிக்கும் கேட்கலாம்.

போசனை (டெக் ஆட்களின் தலைவர்) போய்ப் பாருங்கள். டெக்கில் உங்களுக்கு வாத்தியார் அவர்தான். மும்பை ஹை கப்பல்களில் வேலை மொழி இந்தியும் ஆங்கிலமும் கலந்து இருக்கும். இந்தி வராதே என்று தயங்க வேண்டியதில்லை. ஹீவ் அப் (மேலே இழு), ஸ்லாக் (தளர்த்து), ஹோல்டு (அப்படியே பிடி), ஆல் ஸ்டாப் (எல்லாவற்றையும் நிறுத்து), கிளியர் டெக் (டெக்கை விட்டு விலகு) என்று புழங்கும் கட்டளைகள் கொஞ்சம்தான். ஆனால் ரேடியோவில் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் முதல் நாளிலேயே வர வேண்டும். புரியாமல் 'ஓகே' சொல்வது இந்த வேலையில் மிக மோசமான பழக்கம். மறுபடி கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

ஓய்வு நேரம் உங்கள் உரிமை. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்தை இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் ஒரு பகுதி ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சப்ளை கப்பல்களில் ஆறு மணி நேர வேலை, ஆறு மணி நேர ஓய்வு என்ற முறை சாதாரணம். அந்த ஆறில் சாப்பாடு, குளியல், வீட்டுக்கு வாட்ஸ்அப் எல்லாம் போனால் தூக்கம் நான்கு மணி நேரம்தான் மிஞ்சும். போனைத் தள்ளி வையுங்கள். ஓய்வு நேரப் பதிவேட்டில் உண்மையில் நடந்ததையே எழுதுங்கள்.

வாந்தி வரும். கடற்கரை ஊரில் பிறந்தவருக்கும் வரலாம், ஏனென்றால் ஓடும் படகின் ஆட்டம் வேறு, ஒரே இடத்தில் நிற்கும் கப்பலின் ஆட்டம் வேறு. மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள், பிஸ்கட்டோ ரொட்டியோ கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். அந்த நிலையில் பின் டெக்குக்கு அனுப்பினால் சீஃப் ஆஃபீசரிடம் சொல்லிவிடுங்கள். தலைசுற்றும் ஆள் டெக்கில் இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து.

கரையில் ஏற்றும்போதே கவனியுங்கள்

கடலில் வரும் தொந்தரவில் பாதி, கரையில் சரக்கை வைத்த விதத்தில் இருக்கிறது. எந்த பிளாட்ஃபார்முக்கு முதலில் போகிறோமோ அதன் சரக்கு எளிதில் எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் பெட்டி சூழ்ந்த நடுக்குழியிலிருந்து ஒன்றைத் தூக்கும் நிலை வரக் கூடாது. டெக் ஆள் அந்த இடுக்கில் இறங்கித்தான் கொக்கி மாட்ட வேண்டியிருக்கும், தப்பி ஓட வழி இருக்காது. டெக்கின் ஓரம் முழுக்க நடைவழி விட்டிருக்கிறார்களா, கிராஷ் ரெயிலுக்கு (சரக்கு மோதாமல் காக்கும் பக்கத் தடுப்பு) உள்ளே போகும் இடைவெளிகளை அடைத்துவிட்டார்களா என்று பாருங்கள்.

ஒவ்வொரு கன்டெய்னரையும் சுற்றி வாருங்கள். கதவுப் பூட்டு, ஸ்லிங் (தூக்கும் வயர்), ஷேக்கிளில் (இணைப்பு வளையம்) பின், சோதனைத் தேதியுள்ள தகடு எல்லாம் சரியா? மேலே யாராவது ஒரு ஸ்பேனரையோ மரத்துண்டையோ மறந்து வைத்திருக்கிறார்களா? ஃபோர்க்லிஃப்ட் துளைக்குள் கல்லோ உறைந்த மண்ணோ சிக்கியிருக்கிறதா? முப்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் சிறு இரும்புத்துண்டு ஹெல்மெட்டையும் மீறிக் கொல்லும். ரிக்கிலிருந்து திரும்பி வரும் பேக்லோடில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

500 மீட்டருக்குள்

பிளாட்ஃபார்மைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வட்டம் அமைத்துக்கொள்ள ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கை இடம் தருகிறது. அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. பிளாட்ஃபார்ம் கால்களைச் சுற்றி மீன் கூடும் என்பதால் மீன்பிடிப் படகுகள் நெருங்கி வருவதுண்டு. வலை நம் புரொப்பெல்லரில் சிக்கினால் இரு தரப்புக்கும் விபரீதம். கண்ணில் பட்டதும் பிரிட்ஜுக்குச் சொல்லுங்கள்.

உள்ளே நுழையும் முன் பிரிட்ஜில் ஒரு செக்லிஸ்ட் நடக்கும். எல்லா இன்ஜின், ஜெனரேட்டர், திரஸ்டரும் (கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறி) ஓடுகின்றனவா, கட்டுப்பாட்டை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றிப் பார்த்தார்களா, பிரிட்ஜில் இரண்டு பேர், இன்ஜின் அறையில் ஆள், வெல்டிங் போன்ற சூடான வேலைகள் நிறுத்தம். இது முடியும் வரை நீங்கள் டெக்கில் கால் வைக்கக் கூடாது.

டிபி, அதாவது டைனமிக் பொசிஷனிங், என்று அடிக்கடி கேட்பீர்கள். செயற்கைக்கோள், லேசர், ரேடார் போன்ற கருவிகளிலிருந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணினி அறிந்து, காற்றையும் அலையையும் கணக்கிட்டு, திரஸ்டர்களைத் தானாக இயக்கிக் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்துகிறது. டிபி-1 கப்பலில் ஒரே ஒரு கோளாறு வந்தாலும் இடம் தவறலாம். டிபி-2இல் ஓடும் கருவிகளில் ஒன்று நின்றாலும் இடம் தவறக் கூடாது. டிபி-3 ஓர் அறையே தீப்பிடித்தாலும் வெள்ளம் புகுந்தாலும் தாங்கும்படி கட்டப்பட்டது. உங்கள் கப்பல் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்டன் எந்தப் பக்கம் நிற்கத் தேர்ந்தெடுக்கிறார் என்பதையும் கவனியுங்கள். காற்றும் நீரோட்டமும் கப்பலை பிளாட்ஃபார்மிலிருந்து விலக்கும் பக்கம் நின்றால், திரஸ்டர் செத்தாலும் கப்பல் வெளியே மிதந்து போகும். பிளாட்ஃபார்மை நோக்கித் தள்ளும் பக்கம் நின்றால், அதே கோளாறு நேராக மோதலில் முடியும்.

2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை நார்த்தில் நடந்தது இதுதான். எம்எஸ்வி சமுத்திர சுரக்ஷா கப்பலில் ஒருவருக்கு விரலில் வெட்டு. மழைக்காலம், ஹெலிகாப்டர் வர முடியவில்லை. அவரை பிளாட்ஃபார்ம் கிரேன் வழியாக மேலே அனுப்பக் கப்பல் காற்று வரும் பக்கமாக நெருங்கியது, மறுபக்கத்து கிரேன் வேலை செய்யவில்லை. கப்பல் மோதி, வாயு வரும் ரைசர் குழாய் உடைந்து தீப்பிடித்தது. இரண்டு மணி நேரத்துக்குள் பிளாட்ஃபார்மே சரிந்து கடலுக்குள் போனது. 22 பேர் இறந்தார்கள். எரிந்த கப்பலும் சில நாளில் மூழ்கியது. இந்தியக் கடலில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் இந்த நிகழ்வைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த நாளில் யாரும் தீய எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை, அடிபட்ட ஒருவருக்கு உதவத்தான் போனார்கள்.

பின் டெக்கில் எங்கே நிற்பது

புதியவரின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

கரைத் துறைமுகத்தில் கிரேனும் கன்டெய்னரும் ஒரே தரையில் நிற்கின்றன. இங்கே கிரேன் அசையாத பிளாட்ஃபார்மில், கன்டெய்னர் ஏறி இறங்கும் டெக்கில். ஓட்டுபவர் கொக்கியை இறக்கும்போது டெக் இரண்டு மீட்டர் மேலே வரும், அடுத்த நொடி இரண்டு மீட்டர் கீழே போகும். பத்து டன் பெட்டி டெக்கிலிருந்து ஒரு அடி எழும்பிய பிறகும், கப்பல் மேலே வந்து அதை மறுபடி இடிக்கலாம். அந்த அடியில் பெட்டி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழலும்.

அதனால் டெக்கில் எப்போதும் இருவராக வேலை செய்யுங்கள், ஒருவரை ஒருவர் பார்க்கும்படி. டெக்கில் கால் வைக்கும் முன் எங்கே ஓடுவது என்று தீர்மானித்துவிடுங்கள். கிராஷ் ரெயிலுக்குப் பின்னால் உள்ள பாதுகாப்பான இடத்துக்கு வழி திறந்திருக்க வேண்டும். கொக்கி உங்கள் தோளுக்குக் கீழே வரும் வரை கை நீட்டாதீர்கள். ஆடிக்கொண்டு வரும் கொக்கியைத் துரத்திப் பிடிக்கவே கூடாது, அது அமைதியாகும் வரை நில்லுங்கள். ஸ்லிங்கின் மேல் வளையத்தை மாட்டி, கொக்கியின் நாக்கு மூடிவிட்டதா என்று பார்த்து, கையை எடுத்து, இருவரும் ஒதுங்கிய பிறகுதான் தூக்கும் சைகை. ஸ்லிங் இறுகும்போது அதில் விரல் வைத்திருக்கக் கூடாது. விரல் இழந்தவர்கள் பெரும்பாலும் அந்த அரை நொடியில்தான் இழக்கிறார்கள்.

இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, பெட்டிக்கும் கிராஷ் ரெயிலுக்கும் நடுவே, தூக்கிய சுமைக்குக் கீழே, இந்த மூன்று இடத்திலும் நிற்காதீர்கள். நகரும் பெட்டியைக் கையால் தள்ளி நிறுத்த நினைக்காதீர்கள். உங்கள் உடம்பு அதற்குத் தடையே இல்லை. டேக் லைன் (சுமையைத் திருப்பும் கயிறு) இருந்தால் அதை மணிக்கட்டில் சுற்றாமல் உள்ளங்கையில் பிடியுங்கள். கொக்கி எட்டவில்லை என்று கன்டெய்னர் மேல் ஏறாதீர்கள். குழாய்க் கட்டு என்றால் அதன் மேல் நடக்கவே வேண்டாம், ஒரு உருளல் போதும், கால் போய்விடும். டெக்கில் இறக்கிய கட்டுகளுக்கு இருபுறமும் ஆப்பு வைத்த பிறகே ஸ்லிங்கைக் கழற்றுங்கள்.

அலையை மறக்காதீர்கள். சப்ளை கப்பலின் பின் டெக் தண்ணீர் மட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது. நல்ல வெயில் நாளில்கூட எங்கோ அடித்த காற்றின் நீண்ட அலை ஒன்று பின்னாலிருந்து ஏறி, இடுப்பளவு தண்ணீரை டெக் முழுக்க ஓட்டும். கன்டெய்னர்களே அதில் நகரும். பிரிட்ஜில் இருப்பவர் அந்த அலையை உங்களுக்கு முன்பே பார்ப்பார். 'கிளியர் டெக்' என்று கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுங்கள். கொக்கி அரைகுறையாக மாட்டியிருக்கிறதே என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். ஒர்க் வெஸ்ட், தாடைக் கயிறு கட்டிய ஹெல்மெட், இரும்பு முனை ஷூ எல்லாம் போட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. கையை உயர்த்தி 'ஆல் ஸ்டாப்' என்று நீங்கள் சொன்னால் கிரேன் நிற்க வேண்டும், சொன்னவர் புதியவர் என்று யாரும் பார்க்கக் கூடாது. நல்ல கப்பலில் அதற்காக உங்களைப் பாராட்டுவார்கள்.

ஹோஸ் வேலை

சப்ளை கப்பலின் முக்கியமான வேலைகளில் ஒன்று இது. பிளாட்ஃபார்ம் கிரேன் ஒரு ஹோஸை இறக்கும். அதைக் கப்பலின் மேனிஃபோல்டில் (குழாய் இணைப்பு வாய்) மாட்டி டீசலோ தண்ணீரோ மட்டோ பம்ப் செய்வோம். மாட்டும் முன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சரிபாருங்கள்: எந்த ஹோஸ், எந்தப் பொருள், எந்த டாங்க். குடிநீர் டாங்குக்குள் வேறெதுவும் போய்விடக் கூடாது. டெக்கில் கசிந்தால் கடலுக்குப் போகாதபடி ஸ்கப்பர் (டெக் நீர் வடியும்) துளைகளை அடைத்து வையுங்கள்.

முதலில் மெதுவாக பம்ப் செய்து, மேலே வந்து சேருகிறதா என்று கேட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே வேகம் கூட்டுவார்கள். அப்புறம் குறித்த இடைவெளியில் இங்கே எவ்வளவு போனது, அங்கே எவ்வளவு வந்தது என்று ஒப்பிடுவார்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் எண்ணெய் எங்கோ கடலில் கலக்கிறது, உடனே நிறுத்த வேண்டும். ஹோஸ் தண்ணீரில் தொங்கி திரஸ்டர் பக்கம் போகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. அதில் மிதவை வளையங்கள் போட்டிருப்பது அதற்காகத்தான். ஹோஸ் இழுபட்டு இறுகினால் பக்கத்தில் நிற்காதீர்கள், பிரிட்ஜுக்குக் கத்துங்கள்.

சிமென்ட், பேரைட், பென்டோனைட் போன்ற தூள்களைக் காற்றழுத்தத்தால் ஊதி அனுப்புவோம். அந்த டாங்குகள் வழக்கமாக 80 பிஎஸ்ஐ வரை அழுத்தம் தாங்கும்படி கட்டப்பட்டவை. தொடங்கும் முன் வெறும் காற்றை ஊதிக் குழாய் அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முடிந்ததும் மறுபடி ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலான காயங்கள் கழற்றும்போதுதான் நடக்கின்றன. அழுத்தம் முழுக்க இறங்கியதா என்று கேஜில் பார்த்து, வென்ட் திறந்து, அதற்குப் பிறகே இணைப்பைத் தட்டிக் கழற்றுங்கள். தூசு கண்ணிலும் நுரையீரலிலும் போகாமல் கண்ணாடியும் மாஸ்க்கும் போடுங்கள்.

டாங்க் கழுவும் வேலையும் வரும். அங்கே ஒரே விதி: யாராவது சொன்னார் என்பதற்காக உள்ளே இறங்காதீர்கள். எழுத்து மூலமான அனுமதி, காற்றோட்டம், கருவியில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம், விஷவாயு இல்லை என்ற அளவீடு, வாசலில் ஒரு ஆள், மீட்புக் கருவி தயார், எல்லாம் இருந்தால் மட்டும் இறங்கலாம். ரிக்கிலிருந்து திரும்பி வந்த மட் நாள்பட நிற்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகலாம். அளவு கூடினால் அது மூக்கின் உணர்வையே மரக்க வைக்கும், அதனால் நாற்றம் இல்லை என்பது பாதுகாப்பு அல்ல. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவசரப்பட்டு நீங்களும் குதிக்காதீர்கள். அலாரம் அடியுங்கள், மூச்சுக் கருவி போட்டவர் இறங்கட்டும். இப்படிக் குதித்துத்தான் அண்ணனும் தம்பியும்போல் பழகிய இருவர் ஒரே டாங்கில் சாகிறார்கள்.

ஏஹெச்டிஎஸ்ஸில் ஏறினால்

வின்ச் ஓடும்போது டெக்கில் நிற்கக் கூடாது. இறுகிய வயர் அறுந்தால் அல்லது பக்கவாட்டில் துள்ளினால், அது போகும் பாதையில் இருப்பது எதுவும் மிஞ்சாது. ஷார்க் ஜாவில் (சங்கிலியைக் கவ்வும் இரும்புப் பிடி) சங்கிலி பிடிபட்டது, டோ பின் (வயர் பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் இரும்புத் தூண்) மேலே வந்தது என்று பிரிட்ஜ் உறுதி சொன்ன பிறகே போங்கள், முடித்ததும் திரும்பி வாருங்கள்.

2007 ஏப்ரல் 12 அன்று ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்டுக்கு மேற்கே, ஒரு ரிக்கின் நங்கூரத்தைப் போடும்போது போர்பன் டால்ஃபின் என்ற நார்வேக் கப்பல் கவிழ்ந்தது. கட்டி ஓராண்டுகூட ஆகாத கப்பல். சங்கிலியின் பாரம் பக்கவாட்டில் இழுத்தது, ஒரு டோ பின்னை இறக்கியதும் இழுக்கும் கோணம் மாறிக் கப்பல் சாய்ந்தது. 15 பேரில் 8 பேர் இறந்தார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற கேப்டனுக்கு ஒப்படைப்புக்கு ஒன்றரை மணி நேரம்தான் கிடைத்தது என்பதை விசாரணை ஆணையம் சுட்டிக்காட்டியது. நீங்கள் சைன் ஆஃப் ஆகும்போது (வேலை முடிந்து இறங்கும்போது) அடுத்து வருபவருக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மழைக்காலம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை ஹை வேறு கடல். சரக்கு வேலை நாள் கணக்கில் நின்றுபோகும், கப்பல் காற்றுக்கு முகம் கொடுத்துக் காத்திருக்கும். அந்த நாட்களில் கேபினில் எதையும் அவிழ்த்து வைக்காதீர்கள், கதவுகளைப் பூட்டுங்கள், வெளி டெக்குக்குத் தனியே போகாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் சீக்கிரமே ஒதுங்குவதுதான் ஒரே வழி. 2021 மே மாதம் டவ்தே புயலில் 261 பேர் தங்கியிருந்த பி-305 பார்ஜ் நங்கூரம் இழந்து, அடித்துச் செல்லப்பட்டு மூழ்கியது. வரப்பிரதா என்ற டக் (இழுவை) கப்பலும் போனது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரைக்குப் போகலாமா என்று கேப்டன் நிறுவனத்தோடு பேசும்போது உங்கள் குரலுக்கு அங்கே இடமில்லைதான். ஆனால் உங்கள் லைஃப் ஜாக்கெட்டின் விளக்கும் விசிலும் வேலை செய்கின்றனவா, இம்மர்ஷன் சூட் (குளிர்நீரில் உயிர் காக்கும் உடை) உங்கள் அளவா என்று பார்ப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் அதைப் போடப் பழகுங்கள்.

ஆட்களை பாஸ்கெட்டில் கிரேன் வழியாக மாற்றுவதும் உண்டு. வெளிவளையத்தில் நிற்கும் வகை என்றால் பையை நடுவில் போட்டு, வெளிப்புறம் நின்று, வலையைக் கைகளால் குறுக்காகப் பின்னிப் பிடித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்கள். அலை அதிகமாகவோ உங்களுக்குத் தலைசுற்றலாகவோ இருந்தால் மறுத்துவிடுங்கள். மறுப்பவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

முன்னேற நினைத்தால்

ஓஎஸ் (தொடக்கநிலை டெக் ஊழியர்) ஆக ஏறுபவர் ஏபி (அடுத்த நிலை டெக் ஊழியர்), போசன் என்று போகலாம், படித்துத் தேர்வெழுதினால் அதிகாரியாகவும் ஆகலாம். டிபி சான்றிதழ் ஆசை இருந்தால் அவசரப்பட்டு கோர்ஸில் சேராதீர்கள். நாட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் (டிபி சான்றிதழ் தரும் அமைப்பு) முறையில் அது அதிகாரிகளுக்கும் அதிகாரிப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் உரியது. இன்டக்ஷன் கோர்ஸ், கப்பலில் டிபி நாட்கள், சிமுலேட்டர் கோர்ஸ், மறுபடி கப்பல் நாட்கள் என்று படிப்படியாகப் போகும். கப்பலில் நாட்கள் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் முதல் கோர்ஸுக்கு மட்டும் பணம் கட்டியவர்கள் நிறைய. ஓய்வு நேரத்தில் பிரிட்ஜுக்குப் போய் அனுமதி கேட்டு டிபி திரையைப் பாருங்கள். அதற்குப் பணம் வேண்டாம்.

சைன் ஆஃப் நாளில் சிடிசியில் ஏறிய தேதி, இறங்கிய தேதி, பதவி, கப்பல் பெயர் சரியாகப் பதிந்து கேப்டன் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பல் வகை எழுதிய கடல் சேவைச் சான்றையும், கடைசி மாதம் வரையிலான சம்பளக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். ஓவர்டைம் கணக்கு உங்கள் நோட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கப்பலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்த பிறகு அதைத் தீர்ப்பது கடினம்.